காற்றுப் போன வட்டம்

பல வருஷமாக நான் ஒரு கோடுகூட வரையவில்லை என்பது, முதலாளியம்மா என் கையில் பென்சிலைக் கொடுத்த அன்றுதான் எனக்கே தெரிந்தது.

நகைக்கடையின் மாடியில் இருக்கும் டிசைன் அறைக்கு நான்தான் மூத்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையால்தான் வரைந்தேன். சில மாதங்களில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஒரு புகைப்படத்தைத் திரையில் அடியில் போட்டு, மேலே மவுஸை ஓட்டினால் கோடு தானாக விழும். மோதிரமும் வளையலும் உள்ளேயே தயாராக இருக்கும். ஒரு கல்லை மாற்றி, ஒரு இலையை ஒட்டினால் புது டிசைன். பத்தொன்பது வருஷம் இதைத்தான் செய்தேன். யாராவது என்ன வேலை என்று கேட்டால் மட்டும், "ஆர்ட்டிஸ்ட்" என்று தலையை நிமிர்த்திச் சொல்வேன்.

முதலாளியம்மா தன் அப்பாவிடமிருந்து கடைப் பொறுப்பை வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வாடிக்கையாளர் நாங்கள் கொடுத்த டிசைனைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி எதிர்க்கடையில நேத்துதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். முதலாளியம்மாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. நேராக மாடிக்கு வந்தார்.

"இனிமே கஸ்டமர் சொல்லச் சொல்ல, அவங்க கண் முன்னாடியே கையால வரையணும். நீங்கதான் சீனியர். ஒரு மோதிரம் போடுங்க, பார்ப்போம்."

போட்டேன். வலது முனை கூராக நீட்டிக்கொண்டிருந்தது. இடது முனை தொங்கியது. அடிப்பக்கம் யாரோ மிதித்த மாதிரி இருந்தது. பக்கத்து மேசையில் இருந்தவள் இருமிக்கொண்டாள். முதலாளியம்மா சிரித்திருந்தால்கூடத் தேவலை. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாக மேசையில் வைத்தார்.

"மூணு மாசம் டைம் எடுத்துக்கோங்க. அப்புறம் ஒரு கஸ்டமர் முன்னாடி உக்கார வைப்பேன். சரியா வரலன்னா, கீழ கவுண்டருக்கு வந்துடுங்க. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

கவுண்டர் என்றால், வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்து, பெட்டியைத் திறந்து காட்டி, மூடி, மறுபடி சிரிக்க வேண்டும். கேவலமான வேலை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மாடி நாற்காலியை விட்டால் நான் ஆர்ட்டிஸ்ட் இல்லை.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். "இதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? என் தங்கச்சி கிளினிக்ல ஞாயித்துக்கிழமை நாலு பேர் கூடி வரையறாங்களே, போய்ச் சேரு" என்றார்.

அவர் தங்கை, அதாவது என் நாத்தனார், பல் டாக்டர். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஊருக்கே பல்லைப் பிடுங்குகிறவள், அண்ணியை மட்டும் விடுவாளா என்ன. என்ன சமைத்தாலும் குறை, என்ன உடுத்தினாலும் ஒரு பார்வை. அவளிடம் போய்ப் படம் வரையக் கற்றுக்கொள்வதா? இரண்டு நாள் முரண்டு பிடித்தேன். மூன்றாவது நாள் ஆபீசில் யாரும் பார்க்காதபோது இன்னொரு மோதிரம் வரைந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளினிக் வாசலில் நின்றேன்.

அங்கே சொல்லிக்கொடுக்க வாத்தியார் யாரும் இல்லை. நாத்தனார், ஒரு பஸ் டிரைவர், ஒரு கணக்கு டீச்சர், அவ்வளவுதான். நாலு பேர் என்று வீட்டுக்காரர் சொன்னது சும்மா ஒரு பேச்சுக்கு. நான் போய்த்தான் நாலாவது. மூன்று பேரும் என்னைவிட மோசமாகத்தான் வரைவார்கள் என்று நினைத்துக்கொண்டு, காத்திருப்போர் அறையின் தாழ்ந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தேன். நடுவில் உயரமான ஸ்டாண்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர், அதில் பாதி தண்ணீர். நோயாளிகள் வாய் கொப்பளிக்கிற டம்ளர். பக்கத்தில் பல் பார்க்கும் விளக்கைத் திருப்பி வைத்து வெளிச்சம் கொடுத்திருந்தாள்.

"இன்னைக்கு இதையா வரையணும்?" என்றேன்.

"இன்னைக்கு மட்டுமில்ல அண்ணி, மூணு மாசமும் இதேதான்" என்றாள் நாத்தனார். அண்ணன் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டிருந்தார்.

அவர்களுடைய வழக்கம் இதுதான். ஒரே பொருள். எல்லோருக்கும் எப்போதும் அதே நாற்காலி. நாற்பது நிமிஷம். ரப்பர் கிடையாது. முடிந்ததும் அவரவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் படத்தை ஒட்ட வேண்டும். மற்ற மூன்று பேரும் ஆளுக்கு ஒரே ஒரு தப்புச் சொல்வார்கள். இரண்டாவது தப்புச் சொல்லக் கூடாது, பாராட்டவும் கூடாது. எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை வரைந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. வாரம் முழுக்க வாயைத் திற, வாயைத் திற என்று சொல்கிறவள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாயை மூடு என்று விதி போட்டிருந்தாள்.

டம்ளரின் வாய் வட்டம்தான். ஆனால் உட்கார்ந்து பார்த்தால் வட்டமாகத் தெரியாது. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்த மாதிரி ஒடுங்கித் தெரியும். கணக்கு டீச்சர் அதை நீள்வட்டம் என்பார். என் மோதிரத்துக்கும் அதுதான் உயிர். நீள்வட்டம் சரியாக விழுந்தால் மோதிரம் விரலில் நுழையும். இல்லாவிட்டால் அது ஒரு கம்பி.

முதல் வாரம் என் படத்தைச் சுவரில் ஒட்டினேன். டிரைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து பார்த்தார். ஐம்பது வயசிருக்கும், எதையும் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி லேசாகத் தலையைச் சாய்த்துத்தான் பார்ப்பார்.

"கீழ் வட்டம் காத்து போன டயர் மாதிரி இருக்கு மேடம்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. டம்ளரின் அடிப்பக்கம் ஸ்டாண்டில் தட்டையாகத்தானே உட்காரும் என்று வாய்வரை வந்துவிட்டது. நாத்தனார் உதட்டில் விரலை வைத்தாள்.

"மேல் வட்டத்தைவிட கீழ் வட்டம் இன்னும் உருண்டையாத் தெரியணும்" என்றார் டீச்சர். "கண்ணுக்குக் கீழ இறங்க இறங்க வட்டம் திறந்துகிட்டே போகும். நீங்க தட்டையா இருக்கும்னு தெரிஞ்சதை வரைஞ்சிருக்கீங்க, கண்ணுக்குத் தெரியறதை வரையல."

"அண்ணி, ரெண்டு முனையும் கூரா இருக்கு. வட்டத்துக்கு ஏது மூலை?" என்றாள் நாத்தனார், தன் பங்குக்கு.

இரண்டாவது வாரமும் காற்றுப் போன டயர். மூன்றாவது வாரமும் அதே. நாலாவது வாரம் டிரைவர் வாயே திறக்கவில்லை. உதட்டைக் குவித்து, காற்று இறங்குகிற சத்தம் மட்டும் கொடுத்தார். டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினேன்.

அன்று நிழல் போட யாருக்கும் நேரம் போதாததால், படத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் முடித்து, அடுத்த வாரம் மறுபடி ஒட்டலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. கிளம்பும்போது எழுந்து நின்று, யாரும் பார்க்காத நேரம் டம்ளரைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை அதைப் பெரிதாக அச்சடித்து, ஜன்னல் கண்ணாடியில் வைத்து, மேலே வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, கோட்டின்மேல் கோடாக ஓட்டினேன். பத்தொன்பது வருஷப் பழக்கம், கை வழுக்கிக்கொண்டு போனது. நிழலும் போட்டேன். வட்டம் அப்படியொரு வட்டம். தண்ணீர்கூடப் பளபளத்தது.

ஐந்தாவது ஞாயிறு அதைச் சுவரில் ஒட்டிவிட்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எனக்குத் தப்பு ஒண்ணும் தெரியல" என்றார். நாத்தனார் என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், டிரைவருக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.

டிரைவர் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு, "மேடம், கொஞ்சம் எழுந்திருங்க" என்றார். எழுந்தேன். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். டம்ளரைப் பார்த்தார். எழுந்து நின்று பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"இந்த சீட்ல இருந்து பாத்தா தண்ணி தெரியாது. விளிம்பு மட்டும்தான் தெரியும். தண்ணி தெரியணும்னா எழுந்து நிக்கணும். நாற்பது நிமிஷமும் நீங்க உக்காந்துதானே இருந்தீங்க?"

எந்த சீட்டிலிருந்து எது தெரியும், எது தெரியாது என்பதிலேயே முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர். அவரிடம் போய் இதைக் காட்டியிருக்கிறேன்.

என்னிடம் பொய் தயாராகத்தான் இருந்தது. நடுவில் ஒருமுறை எழுந்தேன், வீட்டில் வேறு டம்ளர் வைத்து வரைந்தேன், ஏதாவது ஒன்று. ஆனால் நான் வாயைத் திறக்கக் கூடாது. அந்தப் பாழாய்ப்போன விதி என் பொய்யை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டது. மூன்று பேரும் என்னைப் பார்க்க, நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காது மடல் நெருப்பாகச் சுட்டது. அவ்வளவு அவமானத்தை என் வாழ்க்கையில் பட்டதில்லை.

டிரைவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். கிளம்பும்போது நாத்தனார் வாசல்வரை வந்தாள்.

"அடுத்த வாரம் வருவீங்கல்ல அண்ணி?"

குத்திக் காட்டத்தான் வருகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். அவள் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

"நானும் ஒருதடவை டிரேஸ் பண்ணி எடுத்துட்டு வந்தேன்" என்றாள். "அப்பவும் டிரைவர்தான் கண்டுபிடிச்சார். ரெண்டு வாரம் வரல. அந்த ரெண்டு வாரம் வீணாப் போச்சு. உங்களுக்கு அவ்வளவு டைம் இல்ல."

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். என் கண் கலங்கியதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "லிஃப்ட் நிக்கிற இடத்துல நிக்கலன்னா, அதைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. எங்க வழுக்குதுன்னு பாக்கணும்" என்றார். அவருக்கு எல்லாமே லிஃப்ட்தான். ஆனாலும் அதில் விஷயம் இருந்தது.

ஆறாவது ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் போனேன். "என் படத்தைப் பாக்க வேணாம். நான் வரையறதைப் பாருங்க. எங்க தப்பு நடக்குதுன்னு சொல்லுங்க" என்றேன். விதியை மீறுவதா என்று டீச்சர் தயங்கினார். பிறகு மூன்று பேரும் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நான் வரிசையாக நீள்வட்டம் போட்டேன். பத்தாவது வட்டத்தில் நாத்தனார் என் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, மணிக்கட்டு காகிதத்தை விட்டு எழும்பவே மாட்டேங்குது. இது மவுஸ் பிடிக்கிற கை. மேல்பாதி வரைக்கும் ஓடுது, கீழ வரும்போது எட்டல. அதான் நசுங்குது."

பார்த்தேன். உண்மைதான். கை ஒட்டவைத்தது மாதிரி உட்கார்ந்திருந்தது. அவள் சுவரில் ஒரு பெரிய காகிதத்தை ஒட்டி, "நின்னுகிட்டு வரைங்க. தோள்ல இருந்து வரட்டும்" என்றாள். சாய்த்துக்கொள்ள இடமில்லாமல் கை அந்தரத்தில் நடுங்கியது. வந்த வட்டங்கள் முட்டையும் கத்தரிக்காயுமாக இருந்தன. ஆனால் ஒன்றிலும் காற்றுப் போகவில்லை.

அன்றைக்கு ஒரு முடிவெடுத்தேன். தினம் இருநூறு. காலை ஐந்தரைக்கு எழுந்து, சமையலறைக் கதவில் பழைய செய்தித்தாளை ஒட்டி, நின்றுகொண்டு இருநூறு நீள்வட்டம். ஒரு பக்கம் அடுப்பில் பால், ஒரு பக்கம் வட்டம். பால் பொங்கி வழிந்த நாட்கள் உண்டு. இருநூறு குறைந்த நாள் இல்லை. காய்ச்சல் வந்த அன்றும் போட்டேன். அன்றைய வட்டங்களுக்கும் காய்ச்சல் வந்த மாதிரிதான் இருந்தது. தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. மெலிந்த வட்டம், திறந்த வட்டம், ஒன்றுக்குள் ஒன்று. வீட்டுக்காரர் குப்பை போடப் போகும்போது கட்டுக் கட்டாகத் தூக்கிக்கொண்டு போவார். "இதுல ஒண்ணாவது நல்லா இருக்கா?" என்பார். "மூணு இருக்கு" என்பேன். இருநூறில் மூன்று. அடுத்த வாரம் ஒன்பது.

பத்தாவது ஞாயிறு டிரைவர் என் படத்தின் முன்னால் தலையைச் சாய்த்து நின்றார். "நிழல் ரொம்ப கருப்பு மேடம்" என்றார். அவ்வளவுதான். டயரைப் பற்றிப் பேச்சே இல்லை. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிஷம் அழுதேன். நல்ல அழுகைதான்.

மூன்று மாதம் முடிந்த வாரம், முதலாளியம்மா சொன்னபடி ஒருவரை மாடிக்குக் கூட்டி வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா. டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விரல் வீங்கி, ஆஸ்பத்திரியில் மோதிரத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டிய துண்டுகள் வீடு மாறும்போது தொலைந்துவிட்டன. அதே மோதிரம் திரும்ப வேண்டும்.

"போட்டோ ஏதாவது இருக்காம்மா?" என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள்.

"விரல்ல கிடக்கற மோதிரத்தை யாரு போட்டோ எடுத்து வைக்கறா?" என்றார் அந்த அம்மா. "நாலு கடை ஏறி இறங்கிட்டேன். எல்லாரும் கம்ப்யூட்டர் டி.வி.யில அவங்க மோதிரத்தைத்தான் காட்டறாங்க."

ஓட்டி எடுக்க அடியில் ஒன்றுமே இல்லை. அந்த மோதிரம் அவர் ஞாபகத்தில் மட்டும்தான் இருந்தது. முதலாளியம்மா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன். மணிக்கட்டைத் தூக்கினேன்.

அவர் சொல்லச் சொல்ல முதல் படத்தைப் போட்டேன். ஒரு வளையம், ஒரு சின்னக் கல், இரண்டு பக்கமும் ஒவ்வொரு இலை. அந்த அம்மா பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்றார். முதலாளியம்மா பின்னாலிருந்து மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அங்கேயே பென்சிலை வைத்திருக்கலாம். ஆனால் மனசு வலிக்கக் கூடாது என்று சொல்கிற 'நல்லா இருக்கு' எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"நல்லா இருக்குன்னு சொல்லாதீங்கம்மா. இது உங்க மோதிரம் இல்ல, இல்லையா? ஒரே ஒரு தப்புச் சொல்லுங்க. நான் குறுக்க பேச மாட்டேன்."

அவர் முதலாளியம்மாவைத் தயக்கத்தோடு பார்த்தார். பிறகு மெல்ல, "இலை கல்லைப் பாத்து இருக்காது. கல்லை விட்டு விலகிப் போற மாதிரி இருக்கும்" என்றார்.

வேறு தாளை எடுத்தேன். அடுத்து கல் பெரிதாக இருந்தது. அதற்கடுத்து, கல் மேலே நிற்காது, வளையத்துக்குள் பதிந்திருக்கும் என்றார். தப்புச் சொல்லச் சொல்ல அவருக்குத் தைரியம் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் தோளை இடித்தபடி உட்கார்ந்துகொண்டார். முதலாளியம்மா இரண்டு முறை ஏதோ சொல்ல வந்தார். நான் திரும்பவில்லை. ஆறாவது தாளில், இத்தனை வருஷத்தில் நான் போட்ட வட்டங்களிலேயே அழகான வட்டம் விழுந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

அந்த அம்மா அதை வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சரி. ஆனா என் மோதிரம் இவ்வளவு வட்டமா இருக்காது" என்றார். "மாடிக்குத் தண்ணி தூக்கித் தூக்கி, பக்கெட் கைப்பிடி அழுத்தி, உள்ளங்கைப் பக்கம் நசுங்கிப் போச்சு. அவர் சரி பண்ணிட்டு வரேன்னு சொல்லுவார். நான்தான் கழட்டிக் கொடுக்கல. இப்ப அவரும் இல்ல."

கீழ்ப்பக்கம். நசுங்கல். நான் பென்சிலைப் பார்த்தேன். நான் வேண்டாம் வேண்டாம் என்றாலும் எத்தனை ஆயிரம் முறை அந்த இடத்தில்தான் நசுங்கியிருக்கிறது. எங்கே தொடங்கும், எவ்வளவு தட்டையாகும், எந்த இடத்தில் மறுபடி உருளும் என்று என் கைக்கு மனப்பாடம். மணிக்கட்டைக் கொஞ்சம்கூட மேசையில் வைக்காமல், தோளிலிருந்தே கொண்டுவந்து, இந்த முறை வேண்டுமென்றே, சரியான இடத்தில் காற்றை இறக்கினேன்.

அந்த அம்மா ஏழாவது தாளை இழுத்துத் தன் பக்கம் வைத்து, மோதிரம் இல்லாத விரலைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் அந்தக் கையை எடுக்கவே இல்லை.

"தப்பு?" என்றேன்.

தலையை ஆட்டினார். தப்பு இல்லை.

முதலாளியம்மா மற்ற ஆறு தாள்களையும் பொறுக்கி அடுக்கினார். "நாளையில இருந்து பென்சில், பேப்பர் எல்லாம் கடை வாங்கித் தரும். கைக்காசு போட வேணாம்" என்றார். பிறகு பக்கத்து மேசைக்காரியிடம் திரும்பி, "அடுத்த மாசத்துல இருந்து நீங்களும் இவங்ககூட ஞாயித்துக்கிழமை போங்க" என்றார். நான் எங்கே போகிறேன் என்று விசாரித்து வைத்திருக்கிறார்.

அந்த ஞாயிறு ஏழாவது தாளின் நகலை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். ஒன்றும் சொல்லாமல் என் நாற்காலிக்குப் பின்னால் ஒட்டினேன். டிரைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். தலையைச் சாய்த்தார். முகம் வாடிவிட்டது.

"என்ன மேடம், இவ்வளவு தூரம் வந்துட்டு மறுபடி காத்து போயிடுச்சே?"

நாத்தனார் என்னைக் கவலையோடு பார்த்தாள். சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. ஆனால் டீச்சரும் நாத்தனாரும் இன்னும் தங்கள் தப்பைச் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு என் முறைக்காகக் காத்திருந்தேன்.